பழமரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கே போன குடும்பம்: எது நிஜம், எது புளுகு?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஏழு வயது மகளுக்கு நூலகத்திலிருந்து ஓர் அமெரிக்கப் படக்கதை எடுத்து வந்தீர்கள். அயோவாவில் இருக்கும் ஓர் அப்பாவுக்குத் தன் பழமரங்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. அத்தனையையும் கூண்டு வண்டியில் நட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓரிகனுக்குக் கிளம்பிவிடுகிறார். வழியில் ஆறு விழுங்கப் பார்க்கிறது, ஆலங்கட்டி மழை அடிக்கிறது, தண்ணீர் தீர்ந்துபோகிறது, கடைசியில் உறைபனி வேறு வந்து மிரட்டுகிறது. மகள் ஒருத்தி கதை சொல்கிறாள், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. படித்து முடித்ததும் உங்கள் மகள் "இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு உங்களுக்கே ஒரு கேள்வி இருக்கிறது: நடந்த வரலாற்றை இப்படிப் புளுகாக்கிக் குழந்தை கையில் கொடுக்கலாமா? மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். பேரிக்காய், பிளம்ஸ், பீச் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டி விற்கும் நர்சரிகளில்தான் வேலைக்காலம் பெரும்பாலும் போனது. இந்தப் பயணம் எங்கள் தொழிலில் பிரபலம் என்பதால் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். செடி விஷயத்தில் நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரலாற்று விஷயத்தில் நான் வாசகன்தான், ஆய்வாளன் கிடையாது. குழந்தை வளர்ப்பில் எனக்கு எந்தத் தகுதியும் இல்லை, என் பேரனைக் கேட்டால் விவரமாகச் சொல்வான்.

சரி, மகளுக்கான பதில். மரம் ஏற்றிய வண்டி நிஜம். அந்த அப்பாவின் பெயர் ஹெண்டர்சன் லுவெல்லிங். வட கரோலினாவில் 1809-ல் பிறந்தவர், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அயோவாவில் சேலம் என்ற ஊரில் நர்சரி வைத்திருந்தார் (நம் சேலம் இல்லை, மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை). அடிமைகளாக இருந்து தப்பி ஓடி வருபவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வீடு அவருடையது. அந்த வீடு இன்றும் அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. 1847 ஏப்ரலில் மனைவி எலிசபெத்தோடும் எட்டுப் பிள்ளைகளோடும் கிளம்பினார். ஓரிகனில் வில்லமெட் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரும்போது நவம்பர் ஆகிவிட்டது. வண்டித் தட்டின் அளவுக்குப் பெட்டிகள் செய்து, ஓர் அடி ஆழத்துக்கு மண்ணும் மரக்கரியும் கலந்து நிரப்பி, அதில் ஏறக்குறைய 700 கன்றுகளை நட்டிருந்தார். ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம்ஸ், க்வின்ஸ், திராட்சை, கூஸ்பெரி என்று எல்லாம் கலந்து இருந்தன. குட்டையானது இருபது அங்குலம், நெட்டையானது நாலடி. மாடுகள் எட்டிக் கடித்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் ஹிக்கரி மரச் சட்டம் அடித்திருந்தார். தினமும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. போய்ச் சேர்ந்தபோது பாதிக்குப் பாதி உயிரோடு இருந்தன.

படித்தவுடன் பலருக்கும் தோன்றுவது, "இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு மூட்டை விதை கொண்டுபோயிருக்கலாமே" என்பதுதான். உங்கள் மகளும் கேட்பாள். மாங்கொட்டையைப் புதைத்து வைத்தால் அல்போன்சா வராது, ஏதோ ஒரு நாட்டு மாங்காய்தான் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா, ஆப்பிளில் அது இன்னும் மோசம். ஒரு நல்ல ஆப்பிளின் ஐந்து விதையைப் போட்டால் ஐந்தும் ஐந்து விதமான மரமாகும், பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமாகக் காய்க்கும். தாய்மரத்தின் பழமே வேண்டும் என்றால் அதன் குச்சியை வெட்டி வேறொரு வேரில் ஒட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். லுவெல்லிங் வண்டியில் போனவை ஒட்டுக்கன்றுகள். இதே அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் ஆப்பிள் விதை ஊன்றினார் என்று கொண்டாடப்படும் ஜான் சாப்மன் (1774-1845) ஒட்டுக்கட்டுவதையே தப்பு என்று நினைத்தவர். அவர் வளர்த்த மரங்களின் பழத்தைக் கடித்துத் தின்ன முடியாது. பிழிந்து, புளிக்க வைத்து, குடிக்கத்தான் உதவும். குழந்தைப் புத்தகங்கள் இதை மட்டும் நாசூக்காக விட்டுவிடும்.

அடுத்த கேள்வி என் தொழில் சம்பந்தப்பட்டது, இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஏன் மண்ணோடு? இலையுதிர்க்கும் மரக்கன்றுகளை இடம் மாற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. பனிக்காலத்தில் இலை கொட்டி உறங்கும்போது வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டால் சில வாரம் தாங்கும். லுவெல்லிங்குக்கு அந்த வசதி இல்லை. கூண்டு வண்டிகள் பனிக்காலத்தில் கிளம்ப முடியாது. வழி நெடுகப் புல் முளைத்திருந்தால்தான் மாட்டுக்குத் தீனி உண்டு, எனவே ஏப்ரல் மே மாதத்தில்தான் கிளம்புவார்கள். அடுத்த பனி மலைப்பாதையை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் மரம் துளிர்த்து, இலைவிட்டு, வளர்ந்து, மறுபடியும் இலை உதிர்க்கும் முழுப் பருவமும் ஓடுகிற வண்டியிலேயே கழிகிறது. உறங்கும் கன்றைச் சாக்கில் சுற்றலாம். ஆனால் ஜூலை வெயிலில் இலையோடு நிற்கும் கன்றைச் சாக்கில் சுற்றினால் மறுநாள் விறகுதான். ஆக, தோட்டத்தையே தூக்கிக்கொண்டு போவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. கதையில் கிறுக்குத்தனமாகத் தெரிவது, தொழில் தெரிந்தவன் கணக்குப் போட்டுச் செய்த காரியம்.

கணக்கு என்றதும் இன்னொன்று. வண்டித் தட்டு சுமார் பத்தடி நீளம், நாலடி அகலம். ஓர் அடி ஆழத்துக்கு வெறும் ஈர மண்ணை நிரப்பினால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்தப் பாதையில் ஒரு வண்டிக்குப் பாதுகாப்பான சுமை என்று சொல்லப்பட்டதோ ஏறக்குறைய ஒரு டன். மரக்கரி கலந்ததன் காரணம் இங்கே புரிகிறது. கரி எடை குறைவு, தண்ணீரை வடியவிடும், வேருக்குக் காற்றோட்டமும் கொடுக்கும். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் வெறும் மண் இறுகிக் கல்லாகிவிடும், கரி கலந்தால் அந்த அளவுக்கு இறுகாது. மரம் ஏற்றியது ஒரே வண்டியா, இரண்டா என்பதில் பழைய விவரங்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்று என்றால் கன்றுக்கும் கன்றுக்கும் மூன்று அங்குலம்கூட இல்லை, இரண்டு என்றால் நாலு அங்குலம். இளங்கன்றுகள் என்பதால் இரண்டுமே நடக்கக்கூடியதுதான். நர்சரிப் பாத்தியில் நாங்களும் அந்த நெருக்கத்தில் வைப்பதுண்டு. ஆனால் படக்கதையில் வரைவது போலக் கிளை பரப்பி, பழம் தொங்கும் பெரிய மரங்கள் மட்டும் நிச்சயமாகக் கிடையாது. ஓவியர் பழம் வரையாமல் வெறும் குச்சி குச்சியாக வரைந்திருந்தால் யார் வாங்குவார்கள்!

நூற்றுக்கு ஐம்பது பிழைத்தது என்பதைச் சிலர் நம்ப மாட்டார்கள். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பிளாட் ஆற்றங்கரை ஓரமாகப் போகும் வரைக்கும் தண்ணீர் பக்கத்திலேயே உண்டு. ராக்கி மலையைக் கடக்கும் தெற்குக் கணவாய் 7,400 அடி உயரம், கோடையிலும் இரவில் உறைபனி விழக்கூடிய இடம். கதையில் வரும் உறைபனிச் சண்டைக்கு வேர் இந்தக் குளிராக இருக்கலாம். நிஜமான சோதனை ஸ்னேக் ஆற்றுப் பகுதி. ஆறு கண்ணுக்குத் தெரியும், சத்தமும் கேட்கும், ஆனால் செங்குத்தான பள்ளத்துக்குக் கீழே ஓடும். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவே மனிதர்கள் திணறிய இடத்தில் இவர் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கனம் தாங்காமல் மாடுகள் தளர்ந்தபோது, மரத்தை இங்கேயே விட்டுவிட்டு வா என்று கூட வந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பிள்ளைகளைவிடச் செடிதான் பெரிது என்று படக்கதை கிண்டல் செய்கிறதே, அந்தக் கிண்டல் பயணத்தின்போதே தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. 700 என்ற எண்ணை யாரும் அன்றைக்கு எண்ணி எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. குடும்பத்தினர் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னதுதான் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. "ஏறக்குறைய" என்ற சொல்லோடுதான் அதைச் சொல்ல வேண்டும். இன்னொரு கதையும் உலவுகிறது: மரத்தில் பெரிய ஆவி குடியிருப்பதாகப் பூர்வகுடிகள் நம்பினார்கள், அதனால் மரம் சுமந்து வந்த இந்தக் குடும்பத்தை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்று. இதுவும் குடும்ப நினைவுகள் வழியாக வந்ததுதான். பூர்வகுடிகள் தரப்பிலிருந்து யாரும் சொன்னதாக நான் எங்கும் பார்த்ததில்லை. கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பாததற்குக் காரணம் கொஞ்சம் கீழே வருகிறது. "ஓரிகன் பக்கம் ஆப்பிள் கொண்டுபோன முதல் ஆள்" என்று சிலர் எழுதுவது சுத்தமாகத் தவறு. கொலம்பியா ஆற்றங்கரையில் ஹட்சன் பே என்ற பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியின் வான்கூவர் கோட்டையில் 1826-லேயே விதை போட்டு ஆப்பிள் வளர்த்திருக்கிறார்கள். அந்த மரங்களில் ஒன்று 2020 வரை உயிரோடு நின்றது. லுவெல்லிங்கின் பெருமை வேறு: நல்ல ரக ஒட்டுக்கன்றுகளை மொத்தமாகக் கொண்டுவந்து அங்கே நர்சரித் தொழிலைத் தொடங்கியவர் அவர்.

இப்போது புளுகுப் பகுதிக்கு வருவோம். அண்டப்புளுகன் ஆகாசப்புளுகன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வகை புதிதல்ல. ஆனால் அமெரிக்கப் புளுகுக்கதைக்கென்று ஒரு தனி இலக்கணம் உண்டு. சொல்பவர் முகத்தில் சிரிப்பே காட்டக் கூடாது. நிஜமான ஓர் ஊர், நிஜமான ஒரு மாதம், நிஜமான ஒரு வேலை என்று நம்பும்படி ஆரம்பிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எந்தப் படியில் ஏமாந்தோம் என்று கேட்பவனுக்கே தெரியக் கூடாது. பழைய உதாரணம் ஒன்று: அந்த வருஷம் அப்படி ஒரு வெயில், வயலில் நின்ற சோளம் அப்படியே பொரிந்து சோளப்பொரியாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற கோவேறு கழுதை அதைப் பனி என்று நினைத்து விறைத்துச் செத்துப்போனது. இதில் வெயிலும் நிஜம், சோளமும் நிஜம். கழுதைக்கு மட்டும்தான் அநியாயம்.

இந்த வகையின் மன்னர்களில் ஒருவர் ஜிம் பிரிட்ஜர் (1804-1881). மேற்கு நாட்டை நடந்தே அளந்த வேட்டைக்காரர், வண்டிகள் நின்று போகும் கோட்டை ஒன்றை 1843-ல் கட்டியவர். கல்லாகிப்போன காட்டில் கல்லாகிப்போன பறவைகள் கல்லாகிப்போன பாட்டுப் பாடின என்று சொல்வாராம். ராத்திரி படுக்கும்போது மலையைப் பார்த்து "எழுந்திரு!" என்று கத்திவிட்டுத் தூங்குவாராம், எதிரொலி எட்டு மணி நேரம் கழித்து வந்து எழுப்பிவிடுமாம். வேடிக்கை என்னவென்றால், இதே ஆள் தரையிலிருந்து வெந்நீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது என்று சொன்னதையும் ஜனங்கள் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அது இன்றைய யெல்லோஸ்டோன். கல்லான மரங்களும் அங்கே உண்மையாகவே இருக்கின்றன, பாட்டுத்தான் கிடையாது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குப் பயணத்தில் புளுகு போல ஒலிக்கும் பல விஷயங்கள் உண்மை, சாதாரணமாக ஒலிக்கும் பல விஷயங்கள் பொய். உங்கள் மகளிடம் விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். காலையில் கறந்த பாலை ஒரு வாளியில் ஊற்றி வண்டியில் மாட்டிவிட்டால், வண்டி குலுங்குகிற குலுக்கலில் சாயங்காலத்துக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். உண்மை, பல குடும்பங்கள் இப்படித்தான் வெண்ணெய் எடுத்தன. மரமே இல்லாத சமவெளியில் காட்டெருமைகள் போட்டுக் காய்ந்த சாணியைப் பாவாடை மடியில் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். அதுவும் உண்மை, பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. நம் வீட்டுக் குழந்தைக்கு வறட்டி தெரிந்திருந்தால் உடனே நம்பிவிடும்.

இனி, நம்பும்படியாக இருந்தும் பொய்யானவை. வண்டிக்குள் உட்கார்ந்து ஜம்மென்று பயணம் செய்தார்கள் என்பது பொய். வண்டியில் சாமான்தான் போகும். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் சுமார் 3,200 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தே கடந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் நல்ல நாள். குதிரை இழுத்த வண்டி என்பதும் அநேகமாகப் பொய். எருதுதான் மலிவு, எருதுதான் கிடைத்த புல்லைத் தின்று தாங்கும். படத்தில் குதிரை பூட்டியிருந்தால் ஓவியருக்கு மதிப்பெண் குறைத்துவிடலாம். எல்லாவற்றிலும் பெரிய பொய், ஒவ்வொரு இரவும் வண்டிகளை வட்டமாக நிறுத்திவிட்டுப் பூர்வகுடிகளோடு சுட்டுக்கொண்டார்கள் என்பது. இரவில் வட்டமாக நிறுத்தியது பெரும்பாலும் மாடுகள் ஓடிவிடாமல் அடைத்து வைப்பதற்காக. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் 1840 முதல் 1860 வரை உள்ள பதிவுகளைத் தேடிக் கணக்கெடுத்தார். பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். அந்த இருபது ஆண்டுகளில் மேற்கே போனவர்கள் லட்சக்கணக்கில். காலராவும், சக்கரத்தில் விழுந்ததும், ஆற்றில் மூழ்கியதும், சொந்தத் துப்பாக்கியே தவறி வெடித்ததும் கொன்றவர்கள்தான் அதிகம். பூர்வகுடிகளில் பலர் ஆறு கடத்திவிட்டும், மீனும் கிழங்கும் பண்டமாற்றாகக் கொடுத்தும் உதவினார்கள். மரத்தில் ஆவி இருப்பதாக நம்பித்தான் விட்டுவிட்டார்கள் என்ற கதையை நான் நம்பாததற்கு இதுவே காரணம். பெரும்பாலான வண்டிகளை அவர்கள் சும்மாதான் விட்டார்கள், அதற்கு மரம் தேவைப்படவில்லை.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளுகுக்கதைக்குப் படம் போடுவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. சொல்பவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன் அல்லவா, அச்சில் அந்த முகம் எழுத்து. அதைக் காட்டிக்கொடுக்கும் வேலை படத்துக்கு. "அப்பா எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தார்" என்று எழுத்து சொல்லும். படத்தில் அப்பா செடிகளைக் கட்டிப் பிடித்திருப்பார், பிள்ளைகள் தண்ணீரில் தத்தளிப்பார்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்குத்தான் இதில் லாபம். பெரியவர் வரியைப் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை படத்தைப் பார்த்து முந்திச் சிரித்துவிடும். நீங்கள் வாசிக்கும்போது வரியை முடித்துவிட்டு உடனே பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்சம் பொறுங்கள். குரலை மட்டும் செய்தி வாசிப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே சிரித்துக்கொண்டு படித்தால் புளுகு சப்பென்று போய்விடும்.

இனி உங்கள் கேள்வி: கொடுக்கலாமா? என் அபிப்பிராயம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு விழுங்கியது, உறைபனி ஆளாக வந்து நின்றது என்ற புளுகை எந்தக் குழந்தையும் வரலாறாக எடுத்துக்கொள்ளாது. புளுகு தன்னைப் புளுகு என்று காட்டிக்கொண்டுதான் வருகிறது. எனக்குக் கவலை தருவது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பூர்வகுடிகளை இறகு சூடிய வில்லன்களாகக் காட்டும் "உண்மைக் கதைகள்" தான். ஆனால் சிரிப்புக்கதை ஒன்றை விட்டுவிடுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். எலிசபெத் அந்தப் பயணம் முழுக்கக் கர்ப்பிணி. போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே பிள்ளை பிறந்தது. அதற்கு ஓரிகன் கொலம்பியா என்று பெயர் வைத்தார்கள். மரத்துக்கு ஊற்றிய தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அந்த அம்மாவைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். படக்கதையிலும் அம்மா எத்தனை பக்கத்தில் பேசுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, அந்த நிலம் யாருடையது என்பது. அதே 1847-ல் வண்டிகளோடு தட்டம்மையும் அந்தப் பக்கம் போனது. குடியேறியவர்களின் பிள்ளைகளில் பலர் பிழைத்தார்கள், எதிர்ப்பு சக்தியே இல்லாத, அங்கே வாழ்ந்த காயூஸ் என்ற பூர்வகுடி மக்கள் ஏராளமாகச் செத்தார்கள். லுவெல்லிங் குடும்பம் அந்த வட்டாரத்தைக் கடந்து சில வாரங்களில், நவம்பர் 29 தொடங்கிச் சில நாட்களில், அங்கே மருத்துவம் பார்த்த விட்மன் என்ற கிறித்தவ மிஷனரியின் இல்லத்தில் பதின்மூன்று பேரைக் காயூஸ்கள் கொன்றார்கள். மருந்து கொடுத்துத் தங்கள் பிள்ளைகளைக் கொன்றதே அவர்தான் என்ற சந்தேகம் அவர்களுக்கு. அதைத் தொடர்ந்து சண்டை. 1850-ல், பூர்வகுடிகளோடு நில ஒப்பந்தம் முடியாமலே, குடியேறிய வெள்ளைக்காரத் தம்பதிக்கு 640 ஏக்கர் இலவசம் என்று சட்டம் வந்தது. அடிமைமுறையை எதிர்த்த லுவெல்லிங் போய்ச் சேர்ந்த அதே ஓரிகனில், கறுப்பினத்தவர் குடியேறவே கூடாது என்று 1844-லேயே விதி எழுதியிருந்தார்கள். ஏழு வயதுக்கு இத்தனையும் வேண்டாம். "அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்களா?" என்று அவள் கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், அவர்கள் பெயரையும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பத்து வயதில் நீங்களே எடுத்துக் கொடுங்கள். பூர்வகுடிகளை வேடிக்கைப் பொருளாகப் படத்தில் ஒரு மூலையில் நிறுத்தும் புத்தகத்தைவிட, அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாத புத்தகம் எனக்குப் பரவாயில்லை. விட்டுப்போனதை நாம் நிரப்பிக்கொள்ளலாம், தப்பாகப் பதிந்ததை அழிப்பது கஷ்டம்.

அப்புறம் என்ன ஆனது என்று அவள் நிச்சயம் கேட்பாள். ஓரிகனிலேயே மில்வாக்கி என்ற ஊரில் நர்சரி வைத்தார்கள். மகள் மேரியைக் கட்டிய வில்லியம் மீக் தொழிலில் பங்காளி ஆனார். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து ஜனம் குவிந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் ஒரே ஓர் ஆப்பிள் ஒரு டாலருக்கும் அதற்கு மேலும் போனது. பிறகு வந்து சேர்ந்த தம்பி சேத் செர்ரியில் இறங்கினார். இன்று அமெரிக்கச் செர்ரி என்று நம் ஊர்ப் பழக்கடைகளிலும் பெட்டியில் வருகிற கறுஞ்சிவப்பு 'பிங்' ரகம், 1875 வாக்கில் அவர் தோட்டத்தில் உருவானது. அங்கே மேஸ்திரியாக இருந்த ஆ பிங் என்ற சீனரின் பெயர்தான் அதற்கு. அவர் 1889 வாக்கில் குடும்பத்தைப் பார்க்கச் சீனா போனார், திரும்பி வரவே இல்லை. சீனத் தொழிலாளர்கள் மறுபடி உள்ளே வருவதைத் தடுத்த சட்டங்கள்தான் காரணம் என்று சொல்கிறார்கள், அந்த ஆண்டுகளின் சட்டத்தைப் பார்த்தால் பொருந்தித்தான் வருகிறது.

ஹெண்டர்சன் ஓரிடத்தில் அடங்கும் ஆள் இல்லை. 1850-களிலேயே கலிபோர்னியாவுக்குப் போய்ப் பழத்தோட்டம் போட்டார், ஓக்லாந்து நகரில் ஃப்ரூட்வேல் என்ற பகுதிக்கு அந்தப் பெயர் அவர் தோட்டத்தால் வந்தது. பிறகு 1859-ல் அதையும் விட்டுவிட்டு, கல்யாணமே வேண்டாம், எல்லாம் பொது என்ற கொள்கையோடு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஹோண்டுராஸுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் குடியிருப்பு சீக்கிரமே கலைந்து, கையில் காசில்லாமல் கலிபோர்னியா திரும்பி, 1878-ல் அங்கேயே இறந்தார். இதற்கு யாராவது படக்கதை போட்டால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு இப்போதைக்கு ஓரிகன் வரைக்கும் போதும்.